ஊர் அழைத்தால் கலை நிகழ்ச்சி

கடையம் பக்கத்து ஊரில் அனுசியாவுக்கு இன்னொரு பெயர் உண்டு: கிளப் டான்ஸ்காரி. புருஷன் செத்த கையோடு துபாய்க்குப் போய், ஓட்டல் ஒன்றில் குடிக்க வருகிறவர்கள் முன்னால் சினிமாப் பாட்டுக்கு ஆடினாள். சேலை கட்டித்தான் ஆடினாள். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஊர் வைத்திருந்த அர்த்தத்தில் துணியே கிடையாது. இப்போது ஐந்தருவியில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்து விற்கிறாள். கையெல்லாம் எண்ணெய்க் கொப்புளம். அதைப் பார்த்து யாரும் சிப்ஸ்காரி என்று கூப்பிட்டதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இந்த வருஷம் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு அவள் மகள் சங்கரேஸ்வரி முதன்முதலாக முளைப்பாரி போட்டாள். ஊர்ப் பெண்கள் பானைகளை ஒரே வீட்டில் வைத்து வளர்த்தார்கள். இவள் பானைக்கு அங்கே இடமில்லை என்றார்கள். தன் வீட்டு இருட்டு மூலையில் தனியாகவே வளர்த்தாள். பயிர் சாண் உயரம் வந்துவிட்டது. ஊர்வலத்திலாவது சேர்ப்பார்களா என்பதுதான் இருவருக்கும் கவலை.

கொடையன்று மத்தியானம் விழாக் கமிட்டித் தலைவர் சிவனணைந்தபெருமாள் வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி அனுசியா, நம்ம கலை நிகழ்ச்சிக்கு ஆடுத பொம்பளப் பிள்ளைய வந்திருக்காவ. உடுப்பு மாத்த ஒருத்தரும் வீடு தர மாட்டுக்காவ. ஒனக்குத்தான் பழக்கமாச்சே."

அனுசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஆடினால் கிளப் டான்ஸ், ஊர் வரவழைத்து ஆடவிட்டால் கலை நிகழ்ச்சியா? மகளுக்காக அதை விழுங்கினாள்.

"எம் மவ முளைப்பாரியச் சேத்துக்கிடுவியளா அண்ணாச்சி?"

"சேத்துக்கிடுதோம். நான் சொல்லுதம்லா?"

நாலு பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருத்திதான் சங்கரேஸ்வரிக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டாள்.

சாயங்காலம் பானையைச் சுமந்துகொண்டு கோயிலுக்குப் போன பிள்ளையை, முளைப்பாரிப் பெண்களுக்கு முன்னால் நின்ற மாரித்தாய் மறித்தாள்.

"ஆட்டக்காரி தங்குன வீட்டுப் பயிரு அம்மனுக்கு ஆவுமா?"

கூடப் போன அனுசியா தலைவரைப் பார்த்தாள். அவர் மைக் செட்டைப் பார்த்தார். ஆறு கடக்கிறவரையில்தானே அண்ணன் தம்பி!

வீடு திரும்பியும் பானையை இறக்காமல் அழுதுகொண்டு நின்றாள் சங்கரேஸ்வரி. பூ வைத்துவிட்டவள் பாதிச் சாயம் பூசிய முகத்தோடு எழுந்து, பானையை வாங்கி நடுவீட்டில் வைத்தாள். "அழாத. வா, நாம கும்மியடிப்போம்" என்றாள். நால்வரும் சுற்றி வந்தார்கள், பிள்ளையும் சேர்ந்தாள். துபாயிலிருந்து வந்தபின் ஒரு கல்யாண வீட்டில்கூடக் கை தட்டாத அனுசியா எழுந்து போய்க் கும்மியில் கலந்தாள். அழுதுகொண்டேதான் ஆடினாள்.

வாசலில் தலைவரின் குரல் கேட்டது. "ஏட்டி, நேரமாச்சு, பிள்ளையள அனுப்பு. ஊரே காத்துக் கெடக்கு."

"கெடக்கட்டும் அண்ணாச்சி" என்றாள் அனுசியா, கை தட்டுவதை நிறுத்தாமல். "இங்கன இன்னும் முடியல."