பெருங்குடிக்குப் போகாத லாரி

எங்கள் லாரி என்னைவிட மூத்தது. நான் பிறப்பதற்கு முன்பே அப்பா அதை யாரிடமிருந்தோ வாங்கியிருந்தார். நாங்கள் இருந்த ஊரூர் குப்பத்துக்கு ஐஸ் ஏற்றி வருவதும், கரையிலிருந்து மீன் பெட்டிகளை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவதும்தான் அதற்கு வேலை. எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது. பள்ளிக்கூட வாசலில் என்னை அதில் கொண்டுவந்து இறக்காதே என்று அப்பாவிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

அந்த லாரியில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தையைப் பெருங்குடியில் அவள் புருஷன் வீட்டில் விடுவதற்காகக் கிளம்பினோம். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. ஒரு மாதத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் இருந்தாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையில் அடி, ஓய்வுக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்பும் அவள் அதே பாத்ரூமில் விழுந்துவிட்டு வந்ததுண்டு. அந்தத் தரையை உடைத்து வேறு தரை போட்டால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முந்தின வாரம் மாமா பக்கத்துப் பெரியவர்களும் எங்கள் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். அண்ணன்காரன் தானே கொண்டுவந்து விட வேண்டும் என்று முடிவானது. அப்பா தலையாட்டிவிட்டு வந்தார்.

எனக்கோ எப்போது கிளம்புவோம் என்றிருந்தது. மாமா வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் கார் ஓட்டும் விளையாட்டு இருந்தது. போன முறை பாதியில் விட்டுவிட்டு வந்ததை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்பா ஓட்ட, நான் நடுவில், அத்தை ஜன்னலோரம். அடையாறு சிக்னலைத் தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய் ஒட்டிக்கொண்டது. முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது.

"காலைலதான் தண்ணி ரொப்பினேன். இதுக்கு இன்னா கேடு?" என்று அப்பா ஓரமாக நிறுத்தினார்.

சூடான ரேடியேட்டரை உடனே திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அதனால் காத்திருந்தோம். வெயிலில் காத்திருப்பதைப் போல எரிச்சல் தரும் காரியம் உலகத்தில் இல்லை. பிறகு அப்பா நனைத்த சாக்கை மூடியின் மேல் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். உள்ளே தண்ணீர் பாதிகூட இல்லை. மூடியில் இருந்த ரப்பர் வளையத்தை அழுத்திப் பார்த்து, "இதான். ரப்பர் செத்துப்போச்சு. ஆவியா போய்க்கினு கீது" என்றார். பழைய டியூபிலிருந்து ஒரு வளையம் வெட்டி மாட்டினார். தண்ணீர் கொண்டுவரும் வேலை எனக்கு. நல்ல பாவாடை கட்டிக்கொண்டு, இடுப்பில் பிளாஸ்டிக் குடத்துடன், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாட்ச்மேனிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். நான் திரும்பியபோது அத்தை லாரியின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். செருப்பு வார் அறுந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

திருவான்மியூர் பஸ் டெர்மினஸ் வருவதற்குள் மறுபடியும் முள் சிவப்பில்.

"உன் லாரியை யாராவது திருடிக்கினு போனா நான் கோயிலுக்கு விளக்கேத்துவேன்" என்று நான் சொன்னேன். அப்பா என்னை அடிக்காமல் விட்டதற்குக் காரணம், அவருக்கும் அதே எண்ணம் இருந்ததுதான் என்று நினைக்கிறேன்.

இந்த முறை அவர் முறையாகத் தேடினார். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். வெடிப்பு இல்லை. பெல்ட் இறுக்கமாக இருந்தது. எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி விரலில் தேய்த்தார். இன்ஜினுக்குள் இருக்கும் கேஸ்கட் கிழிந்து தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெய் டீ நிறத்தில் நுரைத்திருக்குமாம். சுத்தமாக இருந்தது. "கேஸ்கட் நல்லாகீது. அப்ப எங்கயோ வெளியதான் ஒழுவுது" என்று எனக்குச் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டார். எல்லா இடத்தையும் துணியால் துடைத்துவிட்டு, கீழே ஒரு அட்டையை விரித்து, என்னை இன்னொரு குடம் தண்ணீருக்கு விரட்டினார். ஜூஸ் கடைக்காரர் முதலில் ஜூஸ் குடி, பிறகு தண்ணீர் தருகிறேன் என்றார். குடித்தேன். அன்று எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

தண்ணீர் ஊற்றியதும் அட்டையில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது. அப்பா மல்லாந்து படுத்துப் பார்த்தார். ரேடியேட்டரின் அடியில், பழைய தண்ணீரைத் திறந்துவிடுவதற்கென்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அது தளர்ந்திருந்தது.

"அட, இவ்ளோதானா!" அப்பாவின் முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "ரோட்டுல குலுங்கிக் குலுங்கி லூஸாயிருக்குது." குறடால் இறுக்கினார். இனி லாரியே தலைகீழாக நின்றாலும் ஒழுகாது என்றார். குறடை சீட்டுக்கடியில் போட்டுவிட்டு டீ வாங்கப் போனார். நான் சீட்டில் சுருண்டு படுத்துக்கொண்டேன். அத்தை மறுபடியும் காற்று வாங்க இறங்கினாள்.

மூன்றாவது முறை ஓ.எம்.ஆர். சாலையில், முகம் தெரியும் அளவுக்குக் கண்ணாடி போட்ட ஒரு ஆபீஸ் வாசலில் ஆவி கிளம்பியது. செக்யூரிட்டி ஓடிவந்து, "யோவ், இங்க நிறுத்தாத, எடு எடு" என்று கத்தினார். "எடுத்தா போவும்னா நான் ஏன்யா நிறுத்தறேன்?" என்று அப்பா பதிலுக்குக் கத்தினார். டயரை எட்டி உதைத்தார். காலில் அடிபட்டது. நொண்டிக்கொண்டே அடியில் போய்ப் படுத்தார்.

குறடால் இறுக்கிய அதே திருகு மறுபடியும் தளர்ந்திருந்தது. அப்பா எழுந்து வந்தார். சீட்டுக்கடியில் கையை விட்டுத் தேடினார். குறடு அங்கே இல்லை. அத்தையின் துணிப்பையின் மேல் இருந்தது. அவள் விரல்களெல்லாம் கறுப்பாக கிரீஸ். தன் கல்யாணத்துக்கு முன்னால் அந்த லாரியைக் கழுவியது, தண்ணீர் மாற்றியது எல்லாம் அவள்தான் என்று பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அப்பா அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அதை மறைக்கவில்லை.

"என்னை அங்க உட்டுட்டு வராதண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விருப்பமில்லையென்றால் கிளம்பும்போதே சொல்லியிருக்கலாம். வெயிலில் தெருத்தெருவாகக் குடம் சுமந்தது நான். "ப்பா, அத்தைதான் தொறந்து உட்டாங்களா? கேளுப்பா!" என்றேன். அப்பா குறடை எடுத்துக்கொண்டு மறுபடியும் அடியில் போனார். திருகை இறுக்கினார். அவரே போய்த் தண்ணீர் பிடித்துவந்து ஊற்றினார். பிறகு மாமாவுக்குப் போன் போட்டார்.

"மாப்ள, இஞ்சின் போச்சு. கேஸ்கட் அவுட்டு. இன்னிக்கு வர முடியாது."

போனை வைத்துவிட்டு லாரியைத் திருப்பினார். வழி முழுக்க முள் நடுவிலேயே நின்றது. "நல்லாதானே கீது, ஏன்பா வூட்டுக்குப் போறோம்?" என்று நான் அழுதேன். "இது பெருங்குடிக்குப் போவாது" என்றார். கம்ப்யூட்டர் போயே போய்விட்டது.

மறுநாள் காலை அவர் செய்ததை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். நன்றாக ஓடிய இன்ஜினைப் பிரித்தார். மேல்மூடியைக் கழற்றி, போல்ட்டு போல்ட்டாகத் தார்ப்பாயில் பரப்பி வைத்தார். சாயங்காலம் மாமா பைக்கில் வந்தார். அப்பா அவரை அழைத்துப்போய் எல்லாவற்றையும் காட்டினார்.

"எப்ப ரெடியாவும்?" என்று மாமா கேட்டார்.

"பழைய வண்டி மாப்ள. சாமான் கெடைக்கணுமே."

"அப்ப நான் பைக்லயே கூட்டிக்கினு போயிடறேன்."

"அது எப்டி? அண்ணன்தான் கொண்டாந்து உடணும்னு பெரியவங்க பேசிக்கீறாங்க. வண்டி ரெடியாவட்டும், நானே வரேன்."

மாமா போல்ட்டுகளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், போய்விட்டார். பிறகும் வந்தார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சாமான் கிடைக்காமல் இருந்தது. அப்பா வேறொருவரின் லோடு ஆட்டோவை வாடகைக்கு எடுத்து ஐஸ் ஏற்றினார். "நல்லாகீற வண்டியப் பிரிச்சுப் போட்டுகினு வாடகைக்கு ஓட்டுது பாரு" என்று அம்மா ஒரு வாரம் திட்டினாள். பிறகு ஒரு நாள் அத்தையின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த அம்மா, ரவிக்கையை விலக்கி அவள் முதுகைப் பார்த்தாள். அன்றோடு லாரியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மழைக்காலம் வருவதற்குள் அத்தை தரமணிப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். பெரியவர்கள் மறுபடியும் கூடியபோது, நான் போக மாட்டேன் என்று அவளே எழுந்து நின்று சொன்னாளாம். அப்பா பக்கத்தில் நின்றாராம். அன்று சாயங்காலமே அவர் தார்ப்பாயைப் பிரித்து உட்கார்ந்தார். இருட்டுவதற்குள் எல்லாம் பொருத்தியாகிவிட்டது. சாவி போட்டதும் லாரி கிளம்பியது.

"இதுக்கா இவ்ளோ நாளு?" என்று கேட்டேன்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டே, "பழைய வண்டிம்மா. அதுக்குத் தோணும்போதுதான் வரும்" என்றார்.

அப்பாவுக்கு லாரி ஓட்டத்தான் தெரியும், ரிப்பேர் வேலை சுத்தமாக வராது என்று அன்று முடிவு செய்துகொண்டேன். மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லவும் செய்தேன்.