செக்போஸ்ட் அக்கா

கறுப்புச் சட்டையை இரண்டு கையாலும் விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அக்கா அதன் முதுகைப் படிக்கிறார். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் வெள்ளைக் கோடு இறங்கியிருக்கிறது. நேற்று ஓடிய வியர்வை காய்ந்து விட்டுப்போன உப்பு அது. நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்கிறார். "இவளுக்கு இன்னொரு சிட்டிகை சேக்கணும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு சட்டையைச் சலவை மெஷினுக்குள் எறிகிறார். அடுத்த சட்டையில் கோடே இல்லை. அதை மட்டும் தனியாக நாற்காலி மேல் போடுகிறார். "பத்து ரவுண்டு ஓடினேன்னு சொன்னா மகராசி. சட்டை ஒண்ணும் சொல்லலையே."

ஓட்டக்காரப் பெண்கள் தங்கிப் பயிற்சி எடுக்கிற விடுதியில் அக்காவுக்கு ஸ்டோர் பொறுப்பு. சாப்பாட்டுக் கூடத்துக்கும் ஷூ வைக்கிற அறைக்கும் நடுவில் ஒடுக்கமான ஓர் அறைதான் ஸ்டோர். இரண்டு சலவை மெஷின், எண் போட்ட இருபத்திரண்டு மரத்தட்டு, மூலையில் எடை பார்க்கிற மெஷின், அதன் பக்கத்தில் அக்காவின் நாற்காலி. பெண்கள் மைதானத்துக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது ஆளுக்கொரு பாட்டில் வரும். தண்ணீரில் உப்பு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு. ஓடுகிறவளுக்கு நடுவழியில் கெண்டைக்கால் பிடித்து இழுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பாட்டில் இருப்பதே அதற்குத்தான். யார் உடம்பிலிருந்து உப்பு அதிகம் போகிறதோ அவள் பாட்டிலில் கூடக் கொஞ்சம். அதைக் கண்டுபிடிக்கத்தான் சட்டை வாசிப்பு.

கொடுத்தோம், குடித்தார்கள் என்று விட்டுவிடுகிற ரகம் இல்லை அக்கா. காலி பாட்டிலோடு வருகிறவளை வாசலிலேயே நிறுத்துவார். "வாயை ஊது." எலுமிச்சை வாசனை வந்தால்தான் வழி கிடைக்கும். வராவிட்டால், "எலுமிச்சையைக் காணோமே, வழியில எங்கயாச்சும் எறங்கிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு பாட்டிலைக் கலக்க ஆரம்பித்துவிடுவார். நெடுஞ்சாலையில் போலீஸ்காரர் டிரைவரை ஊதச் சொல்கிற தோரணை. பெண்கள் வைத்த பெயர் செக்போஸ்ட் அக்கா. அவருக்கும் அது தெரியும். "செக்போஸ்ட் இருக்கறதாலதான்டி வண்டியெல்லாம் ஒழுங்காப் போகுது" என்பார்.

எடை மெஷினிடமும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. தினமும் காலையில் பிரிக்காத ஐந்து கிலோ சர்க்கரைப் பையைத் தூக்கி அதன் மேல் வைப்பார். முள் ஐந்தில் நின்றால்தான் பெண்கள் ஏறலாம், பாட்டில் வாங்கும் முன் ஒரு தடவை, ஓடிவிட்டு வந்ததும் ஒரு தடவை. "பையிலயே எடை குறைஞ்சிருந்தா என்னக்கா பண்ணுவீங்க?" என்று ஒருத்தி விளையாட்டாகக் கேட்டுவைத்தாள். மறுநாள் வேறு கடையிலிருந்து இன்னொரு ஐந்து கிலோ பை வந்து சேர்ந்தது, முதல் பையைச் சோதிக்க. கேட்டவள் வாயைக் கட்டிக்கொண்டாள்.

நமக்கெல்லாம் சந்தேகம் வந்தால் தூக்கம் போகும். அக்காவுக்குச் சந்தேகப்பட எதுவும் கிடைக்காத நாளில்தான் தூக்கம் வராது. விடுதியின் வேனை ஓட்டுகிறவர் அவருடைய வீட்டுக்காரர்தான். பிரஷர் மாத்திரை போட்டுவிட்டேன் என்று அவர் சொன்னால் அக்கா தலையை ஆட்டிவிட்டு, அட்டையில் மிச்ச மாத்திரையை எண்ணப் போவார். வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வதில்லை. "அவ நம்புற ஒரே ஆளு அவ நிழல்தான். அதையும் போகும்போது ரெண்டு தடவை திரும்பிப் பாப்பா" என்று ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டே சொல்வார்.

இப்படிப்பட்டவருக்குக் கோச்சோடு ஒத்துப்போகுமா? கோச் கெட்டவர் இல்லை. கால் பிடித்துக்கொள்வது தசை களைத்துப்போவதால் என்பது அவர் கட்சி. சுவரில் கையை ஊன்றி, குதிகாலைத் தரையில் அழுத்தி, கெண்டைச்சதையை நீட்டி நீட்டிப் பழக்கினால் போதும் என்பார். அக்கா உப்புக் கட்சி. "சுவத்தைத் தள்ளினா உப்பு ஊறுமா சார்?" என்று ஒருமுறை கேட்டார். கோச் அதை மறக்கவே இல்லை.

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் கொக்கு. பத்தொன்பது வயது, நீளமான கால்களுக்காகத் தோழிகள் வைத்த பெயர். விடுதியிலேயே ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள் அவள் ஒருத்திதான். பன்னிரண்டரை சுற்று. இரண்டு வாரத்தில் மூன்று தடவை, பத்தாவது சுற்றில், யாரோ பின்னாலிருந்து இழுத்ததுபோல் நின்று விழுந்தாள். கெண்டைச்சதை கல்லாக உருண்டு மேலே ஏறி நிற்கும். கோச் ஓடிப்போய்க் கால்விரல்களை அவள் முகத்தைப் பார்க்க மடக்கிப் பிடித்தால், ஒரு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு மெல்ல மூச்சு விடுவாள்.

மூன்றாவது தடவை விழுந்த அன்று கோச் நேராக ஸ்டோருக்கு வந்தார். "உண்மையச் சொல்லுங்கம்மா. அந்தத் தண்ணியில உப்பு போடறீங்களா, இல்ல பேருக்குக் கலக்கறீங்களா?"

அக்கா அவர் முன்னாலேயே ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினார். கோச் குடித்துப் பார்க்கவில்லை. "சனிக்கிழமை டெஸ்ட் ஓட்டம். அன்னிக்கும் விழுந்தா விடுதி லிஸ்ட்ல அவ பேரை அடிச்சுட்டு ஊருக்கு அனுப்பிடறேன். உங்க தண்ணியையும் நிறுத்திடறேன். தண்ணியில கலக்கற பாக்கெட் பொடி வரவழைச்சுக்கலாம்."

கொக்குவின் வீட்டில் அவள் அண்ணன் ஓட்டத்துக்கென்று கொடுத்திருந்தது ஒரே ஒரு வருஷம். அதில் பத்து மாதம் போயிருந்தது. ஊருக்குப் போனால் திரும்பி வருவது நடக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கோ வேறு ஒரு முள். சந்தேகப்படுவதையே தொழிலாக வைத்திருந்தவரை ஒருத்தர் நேருக்கு நேர் சந்தேகப்பட்டுவிட்டார். தனக்குப் பட்டால்தான் தெரியும் என்பது சும்மாவா? 

மறுநாளே விசாரணை தொடங்கியது. உப்புப் பொட்டலத்தை மாற்றினார். தண்ணீர் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். கொக்குவோடு ஒரே அறையில் இருந்தவள் பாட்டிலை மாற்றுகிறாளோ என்று இரண்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கோச்சே வேண்டுமென்று ஏதாவது செய்கிறாரோ என்றுகூட நினைத்தார். பாக்கெட் பொடி விற்கிறவன் அவருக்கு யாராக இருக்கும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டபோது, அவர் வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

கொக்குவின் சட்டை மட்டும் ஒரே கதையைச் சொன்னது: உப்புக் கோடு சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. எடை மெஷின் இன்னொன்றைச் சொன்னது. முழுப் பாட்டில் குடித்துவிட்டுப் போன பெண்ணுக்கு இவ்வளவு எடை குறையக் கூடாது. அக்கா சர்க்கரைப் பையைத் தூக்கி வைத்துப் பார்த்தார். முள் ஐந்தில் நின்றது. அப்படியானால் குடிக்கவில்லை. ஆனால் தினமும் ஊதுகிறாளே, எலுமிச்சை கமகமக்கிறதே?

பதிலைச் சொன்னது எறும்பு. வியாழக்கிழமை காலை, ஷூ அறைப் பின்சுவரின் வெளிப்பக்கம், ஜன்னலிலிருந்து சாக்கடை வரைக்கும் ஓர் எறும்புச் சாரை. சாக்கடைப் பக்கம் எறும்புக்கு என்ன வேலை? அக்கா குனிந்து சுவரைத் தொட்டு மோந்து பார்த்தார். தன் கைப்பக்குவம் அவருக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை பாட்டில்களைக் கொடுத்த கையோடு ஷூ அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஐம்பது வயதில், வியர்வை நாற்றத்துக்கு நடுவில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அவருக்கே கேவலமாகத்தான் இருந்தது.

கொக்கு வந்தாள். ஜன்னல் வழியாகப் பாட்டிலை முக்கால்வாசிக்கும் மேல் கவிழ்த்தாள். கடைசி வாயை மட்டும் ஊற்றி நன்றாகக் கொப்பளித்து விழுங்கினாள். ஊதிக் காட்டுவதற்கு அது போதும். செக்போஸ்ட்டை எப்படித் தாண்டுவது என்று கற்று வைத்திருந்தாள்.

"கையும் களவுமா மாட்டினியா" என்று அக்கா வெளியே வந்தார். குரலில் ஜெயித்த சந்தோஷம் இருந்ததை மறைக்க முடியவில்லை. "எத்தனை நாளா நடக்குது இது? யாருடி சொல்லிக் குடுத்தா? எடை ஏறிடும்னு எவளாச்சும் சொன்னாளா? என் தண்ணி மேல நம்பிக்கை இல்லையா?"

கொக்கு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூடியைத் திருகிக்கொண்டே, "இவ்வளவு குடிச்சா நடுவுல போகணும்லக்கா" என்றாள்.

"போயேன். யாரு வேணாங்கறா?"

"கிரவுண்டுல பாத்ரூம் கதவுக்குத் தாப்பாள் இல்லக்கா."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. கொக்கு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மைதானத்துக் கழிவறை பளு தூக்குகிற ஆண்களின் கொட்டகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மற்ற பெண்கள் கூட்டமாகப் பயிற்சி செய்கிறார்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொள்வாள். இவள் தனியாக ஓடுகிறவள். போன மாதம் ஒருவன் கதவைத் தள்ளித் திறந்தான். தெரியாமல் திறந்துவிட்டேன் என்றான். மறுநாளும் அதே ஆள் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

"அன்னிலேர்ந்து காலையில எந்திரிச்சா தண்ணியே குடிக்கறதில்லக்கா. திரும்பி வந்துதான் குடிக்கறேன்."

"கோச்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அவர்கிட்ட என்னன்னு சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

கொக்கு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எதைச் சொன்னாலும் நம்ப மாட்டீங்களேக்கா."

அக்கா எதைத்தான் சந்தேகப்படவில்லை? உப்பைச் சந்தேகப்பட்டார், தண்ணீரைச் சந்தேகப்பட்டார், விடுதிப் பெண்களை வரிசையில் நிறுத்தி ஊதச் சொன்னார். ஆறு வருஷ வேலையில் இந்தக் குழந்தைகள் ஓடுகிற மைதானத்துக்கு ஒரு நாள் போய், ஒரு கதவை இழுத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி அவர் மேலேயேதான்.

சனிக்கிழமை காலை சலவை மெஷின்களுக்கு லீவு. பெண்கள் ஏறிய வேனின் முன்சீட்டில் அக்காவும் ஏறி உட்கார்ந்தார், மடியில் காகிதத்தில் சுற்றிய புதுத் தாழ்ப்பாளோடு. ஓட்டத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மைதானத்துக் கழிவறைக் கதவில் பழைய தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன. வீட்டுக்காரர் வேனின் டூல்ஸ் பெட்டியைத் திறந்து, திருகாணியை ஒவ்வொன்றாக முறுக்கினார். முடிந்ததும் அக்கா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, "தள்ளுங்க" என்றார். அவர் தள்ளினார்.

"புருஷன் மாதிரி தள்ளாதீங்க. போக்கிரி மாதிரி தள்ளுங்க."

அவர் தோளைக் கொடுத்து இடித்தார். கதவு அதிர்ந்தது, தாழ்ப்பாள் அசையவில்லை. அக்கா வெளியே வந்து கொக்குவிடம் பாட்டிலை நீட்டினார். அவள் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். அன்று யாரும் அவளை ஊதச் சொல்லவில்லை.

ஓட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் அவள் உள்ளே போனாள். அக்கா கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். "அதான் தாப்பாள் போட்டாச்சே" என்றார் வீட்டுக்காரர். "தாப்பாள் இன்னிக்கு வந்தது. அவனுங்க முன்னாடியே வந்தவனுங்க" என்று சொல்லிவிட்டு, கொட்டகை வாசலில் துண்டோடு நின்ற ஆண்களை அக்கா ஒருத்தர் விடாமல் பார்த்தார். ஒருவர் துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மற்றவர்களுக்கும் திடீரென்று வேலை வந்தது.

கொக்கு வெளியே வந்து ஓட்டம் தொடங்குகிற கோட்டுக்குப் போன பிறகு அக்கா நகர்ந்திருக்கலாம். ஆனால் அதற்குள் இன்னொருத்தி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இருவர். பிறகு ஐந்து பேர். இத்தனை பேரும் இத்தனை நாளும் அடக்கிக்கொண்டுதான் ஓடினார்களா? அக்கா நகரவில்லை. முதுகு கதவிலேயே இருந்தது.

அங்கிருந்து மைதானம் தெரியாது. கோச் சுற்றுகளைக் கூவுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஏழு. எட்டு. வேண்டுமென்றே மெதுவாக எண்ணுகிறாரோ என்று அக்காவுக்குப் பட்டது. ஒன்பது. பத்து. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.  அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பதினொன்று என்று கேட்டதும் திறந்தார். பன்னிரண்டு. பிறகு நீளமாக ஒரு விசில்.

கொக்கு கட்டடத்தின் மூலையைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தாள். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "கால் புடிக்கலக்கா" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "கோச் பேரை அடிக்கல."

"நீ சொன்னா நான் நம்பிடணுமா? கிட்ட வா."

கதவுக்கு உள்ளே இன்னொருத்தி இருந்தாள். முதுகை எடுக்காமல், கதவோடு உரசிக்கொண்டே அக்கா ஈரச் சிமெண்டில் உட்கார்ந்தார். கையை எட்டி அந்த நீளமான காலைப் பிடித்து, கெண்டைச்சதையை மேலிருந்து கீழே மெதுவாக அழுத்திப் பார்த்தார். பிறகு, "அந்தக் காலையும் காட்டு" என்றார்.