சொல் அட்டைகளுக்கு வாசித்தவர்

பள்ளிக்கூட ஆசிரியர் வேலையை ஓய்வு வயதுக்கு முன்பே விட்டு வீட்டில் இருந்த முதல் வருடத்தில், சிறுபிள்ளைகளுக்கான பயிற்சித் தாள்களையும் சொல் அட்டைகளையும் கணினியில் செய்து இணையத்தில் விற்கத் தொடங்கினேன். வாங்கியவர்களில் பாதிப்பேர் இங்குள்ள ஆசிரியர்கள். மற்றவர்கள் வெளிநாடுகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர். நான் கோப்பை அனுப்புவேன், அவர்கள் அச்சிட்டு வெட்டிக்கொள்வார்கள். கோப்பாயில் எங்கள் வீட்டுப் பக்கத்து அறைதான் அலுவலகம். ஒரு மேசை, ஒரு பிரிண்டர், புடைவை வைக்கிற பழைய அலுமாரி, அவ்வளவுதான்.

இரண்டாம் வருடம் தனியே சமாளிக்க முடியவில்லை. பகலில் அட்டை செய்வேன், இடையிடையே வட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்குப் பதில் போடுவேன், அவசரத்தில் எழுத்துப்பிழையோடு கோப்பை அனுப்பிவிட்டு வெட்கப்படுவேன். முகநூலில் ஒரு அறிவித்தல் போட்டேன். தமிழ் தட்டச்சு தெரிந்தவர், பிழை பிடிக்கக்கூடியவர், கிழமையில் மூன்று நாள்.

ஐந்து பேர் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பக்கத்தைக் கொடுத்துப் பிழைகளை வட்டமிடச் சொன்னேன். அதில் நான் வேண்டுமென்றே ஏழு பிழை வைத்திருந்தேன். முதல் நாலு பேரும் மூன்று, நாலு, ஐந்து என்று கண்டுபிடித்தார்கள். கடைசியாக வந்த பெண் ஒன்பதை வட்டமிட்டுத் தந்தார். மற்ற இரண்டும் நான் அறியாமல் விட்டவை.

அவருக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். வல்வெட்டித்துறை. முன்பு ஒரு அச்சகத்தில் தட்டச்சு செய்திருக்கிறார். கணவர் கடற்றொழில். முதலாம் ஆண்டு படிக்கும் ஒரு மகள்.

"அவ்வளவு தூரத்திலையிருந்து வருவீரோ?" என்று கேட்டேன்.

"பஸ்ஸிலை ஏறினா வந்திடுவன், ரீச்சர். எனக்கு உந்த வேலை விருப்பம்."

அடுத்த கிழமையே வந்துவிட்டார். தொண்டைமானாற்றுப் பாலத்தைத் தாண்டி அச்சுவேலி வழியாக வரும் பஸ்ஸில் வந்து, எட்டரைக்கு முன்னரே மேசையில் இருப்பார். ஒரு மாதத்துக்குள் என் கோப்புகள் எல்லாம் பெயரும் வகுப்பும் போட்டு ஒழுங்காகிவிட்டன.

அப்போது நான் அட்டைகளுக்குக் குரல் சேர்க்க முயன்றுகொண்டிருந்தேன். அட்டையின் மூலையில் இருக்கும் சதுரக் குறியைக் கைத்தொலைபேசியால் பிடித்தால் அந்தச் சொல் ஒலிக்க வேண்டும். தமிழ் கேட்காத ஊரில் வளரும் பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஆனால் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. இருபத்தைந்து வருடம் நாற்பது பிள்ளைகளுக்குக் கேட்கக் கத்தின குரல். 'பூ' என்று சொன்னாலும் அதட்டுவதுபோல இருக்கும்.

ஒரு நாள் அவர் பட்டியலைச் சரிபார்த்தபடி தனக்குள் வாசித்துக்கொண்டிருந்தார். மழை. வாழை. கிழங்கு. காற்று. நான் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டுக் கேட்டேன். ழகரமும் றகரமும் எந்த முயற்சியும் இல்லாமல் அந்தந்த இடத்தில் நின்றன. மடியில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்வதுபோல இருந்தது.

"நீர்தான் வாசிக்க வேணும்" என்றேன்.

"ஐயோ, நானோ?" என்று சிரித்தார். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

எதிரொலி கேட்காமல் இருக்க அலுமாரிக் கதவுகளைத் திறந்து, அவற்றுக்கு நடுவே கதிரையைப் போட்டோம். மின்விசிறியை நிறுத்தினோம். பக்கத்துத் தோட்டக்காரர் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்து முடியும்வரை காத்திருப்போம். மோட்டார் நின்றதும் அவர் தொடங்குவார். ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, திரும்பவும் அதே சொல்லைச் சொல்வார். ஏன் என்று கேட்டேன்.

"பிள்ளை சொல்லிப் பாக்க நேரம் வேணுமெல்லோ, ரீச்சர்."

எனக்கு அது தோன்றவேயில்லை. நானூறுக்கு மேற்பட்ட சொற்களை அப்படி வாசித்தார். வியர்வை வழிய எழுந்து வந்து, போட்டுக் கேட்டு, பிடிக்காததைத் தானே திரும்ப வாசித்தார். ஒரு தொகுதி அட்டைகளை மகளுக்கென்று வீட்டுக்குக் கொண்டுபோனார். அவள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் தாயின் கைத்தொலைபேசியை வாங்கி ஒவ்வொன்றாகப் பிடித்து, "அம்மா கதைக்கிறா" என்று அயல் வீட்டுக்காரருக்கெல்லாம் காட்டுகிறாளாம்.

குரல் அட்டைகள் நன்றாகப் போயின. வெளிநாட்டில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் ஒரு பெண்மணி தன் வகுப்புகள் எல்லாவற்றுக்கும் வாங்கினார். அவர்தான் எனக்கு இருந்த ஆகப்பெரிய வாடிக்கையாளர். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை அவரிடமிருந்து அழைப்பு வந்தது. சுகம் விசாரித்தார், வெயில் எப்படி என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"குறை நினைக்காதையுங்கோ ரீச்சர். உந்த வாசிக்கிற பிள்ளை எந்தப் பக்கம்?"

"வல்வெட்டித்துறை. ஏன்?"

"இல்லை, இஞ்சை ஒண்டிரண்டு பெற்றார் கதைக்கினம். கரைப்பக்கத்துப் பேச்சு மாதிரிக் கிடக்காம். பிள்ளையள் பழகுற வயது பாருங்கோ. எங்கடை ஆக்கள் மாதிரிக் கதைக்கிற ஒராள் இருந்தா..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. 'எங்கடை ஆக்கள்' என்றால் எந்தச் சாதி, எது இல்லை என்பது இந்த ஊரில் பிறந்த எவருக்கும் தெரியும். அந்தச் சொல்லை நான் ஆசிரியர் ஓய்வறைகளில் கேட்டிருக்கிறேன், கலியாண வீடுகளில் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை என்றுதான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்கென்ன, மாத்தலாம்" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. 'அந்த வாசிப்பில் என்ன பிழை?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பெண்மணி பதில் சொல்லத் தடுமாறியிருப்பார். கேட்கவில்லை. அழைப்பை வைத்தபின் எல்லாப் பதிவுகளையும் போட்டுக் கேட்டேன், ஏதாவது ஒரு குறை அகப்பட்டால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று. ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் அவர் வந்தபோது கணினித் திரையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"ஒலிப்பதிவை இப்போதைக்கு நிப்பாட்டி வைப்பம். மைக் பழுதாப் போச்சு."

"என்ரை தம்பி உந்த வேலையெல்லாம் செய்வான், ரீச்சர். தாங்கோ, கொண்டுபோய்த் திருத்துவிச்சுக்கொண்டு வாறன்."

"வேண்டாம், வேண்டாம். புதுசு ஒண்டு எடுப்பம்."

மைக் அலுமாரியின் கீழ்த்தட்டில், புடைவைகளுக்கு அடியில் இருந்தது. அவர் வராத நாட்களில் அதை எடுத்து, அதே கதிரையில் இருந்து, நானூறு சொற்களையும் நானே வாசித்தேன். அதட்டாமல் வாசிக்கப் பழகிக்கொண்டேன். அவர் விட்ட இடைவெளியையும் அப்படியே விட்டேன். அட்டைகளில் உள்ள குறிகளை மாற்றாமல் இருக்க, பழைய பதிவுகளின் மேலேயே அதே பெயரில் புதியவற்றைச் சேமித்தேன். வேலை சுலபமாக முடிந்தது.

அவர் என் மேசையில் இருந்து சரிபார்ப்பது எழுத்துகளைத்தானே, ஒலியை இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவருடைய மகளை மறந்துபோனேன்.

ஒரு திங்கட்கிழமை அவர் வழக்கம்போல வந்தார். பின்னேரம் வரை வேலை செய்தார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபடி கேட்டார்.

"மைக் சரிவந்திட்டுதோ, ரீச்சர்?"

நான் திடுக்கிட்டுப்போனேன். "ஓம்... சரிவந்திட்டுது."

"மகள் கூப்பிட்டுக் காட்டினவள். 'அம்மா, உங்களைக் காணேல்லை, வேறை ஆரோ கதைக்கினம்' எண்டு." சிரிக்க முயன்றார். "என்ரை வாசிப்பிலை பிழையெண்டா சொல்லியிருக்கலாமே. திருத்தி வாசிச்சிருப்பன்."

"பிழை ஒண்டும் இல்லை."

"அப்ப?"

அந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் பதில் இருந்தது. உண்மையான பதில்தான். அதைச் சொன்னால் அவரை அவமானப்படுத்தியதாகிவிடும் என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். இப்போது நினைத்தால், அவமானப்பட்டிருக்க வேண்டியவள் நான், அதற்குத்தான் பயந்தேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"விளங்குது, ரீச்சர்" என்றார். "பஸ் வரப்போகுது."

அதற்குப் பிறகும் மூன்று கிழமை வந்தார். கையில் இருந்த நாலாம் ஆண்டுத் தொகுதியை ஒரு பிழையுமில்லாமல் முடித்தார். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டினார். அடுத்த மாதம் வரமாட்டேன் என்றார். மதியச் சாப்பாட்டுக்கு என்னோடு இருந்து சாப்பிடும் வழக்கத்தை அந்த மூன்று கிழமையும் விட்டிருந்தார். கொண்டுவந்த பார்சலை மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டார்.

தொழில் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போயிருந்தால் ஒருவேளை மனம் ஆறியிருக்கும். அந்த வெளிநாட்டு வகுப்பு இன்னும் கூடுதலாக வாங்கியது. வேறு இரண்டு பேரை வேலைக்கு எடுத்தேன். நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் பிடிக்காமல் விட்ட ஒவ்வொரு பிழையும் எனக்கு அவரை நினைவூட்டியது.

ஒரு வருடத்துக்குப் பிறகு தொண்டைமானாற்றுச் சன்னதி கோயிலுக்குப் போன நான், திரும்பி வராமல் அப்படியே வல்வெட்டித்துறைக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். முற்றத்தில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அவர் என்னைக் கண்டதும் ஓடிவந்து படலையைத் திறந்தார். கதிரை போட்டார், தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மகள் வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நடந்ததைச் சொன்னேன். அந்த அழைப்பில் கேட்ட வார்த்தைகளை அப்படியே சொன்னேன். நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "அவை கேட்டது எனக்குப் புதுசில்லை, ரீச்சர். நீங்கள் ஒண்டும் சொல்லாமல் நிண்டதுதான்..."



"திரும்பி வாரும். எல்லாத்தையும் உம்மடை குரலிலேயே மாத்துவம்" என்றேன்.

தலையை ஆட்டினார். "வேண்டாம். இஞ்சை பக்கத்துக் கடையிலை தட்டச்சு வேலை செய்யிறன், அது போதும். நான் வந்து வாசிப்பன், பிறகு இன்னொரு போன் கோல் வரும்." கோபமே இல்லாமல், நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் எழும்பும்போது மட்டும் ஒன்று கேட்டார். "நான் வாசிச்சது இருந்தா ஒரு பென் டிரைவிலை போட்டு அனுப்புவியளோ? மகள் சிலவேளை கேக்கிறவள்."

நான் அவற்றின் மேலேயே என் குரலைச் சேமித்ததைச் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். முன்பென்றால் ஏதாவது பொய் சொல்லித் தப்பியிருப்பேன். அன்று பொய் சொல்லவில்லை.

"பரவாயில்லை" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய கைத்தொலைபேசி, பழைய மடிக்கணினி எல்லாவற்றிலும் தேடினேன். இல்லை. ஆரம்பத்தில் வாங்கிய எல்லோருக்கும் எழுதினேன். பெரும்பாலானோர் ஒலியைச் சேமித்து வைக்கவில்லை. மலையகத்தில் ஒரு ஆசிரியை மட்டும், தங்கள் பள்ளிக்கூடத்தில் இணையம் சரியாக வேலை செய்வதில்லை என்பதால் காய்கறிப் பெயர்களை ஆரம்பத்திலேயே இறக்கி வைத்திருந்தார். முப்பத்தொரு சொல். அனுப்பிவைத்தார். அவற்றை வல்வெட்டித்துறைக்கு அனுப்பினேன்.

அடுத்த நாள் காலையில் அங்கிருந்து "நன்றி ரீச்சர்" என்று வந்தது.

வெளிநாட்டுப் பெண்மணியையும் அந்தக் கிழமையே அழைத்தேன். முதல் வாசித்தவருடைய தமிழில் எந்தப் பிழையும் இருக்கவில்லை என்றும், மாற்றியது நான் செய்த தவறு என்றும் சொன்னேன். "அதை நாங்கள் எப்பவோ மறந்திட்டம், ரீச்சர்" என்று சிரித்தார். பிறகு ஐந்தாம் ஆண்டுத் தொகுதி எப்போது வரும் என்று கேட்டார். அடுத்த மாதம் என்று சொன்னேன்.