அம்மாவின் முழங்கால் இளகும்வரை

எழுபதுகளின் கடைசி. கம்போங் ராஜாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த காலம். ஒருநாள் விடிந்ததும் அம்மாவை எழுப்பப் போனேன். கேமரன் மலைக் குளிருக்கு அம்மா எப்போதும் முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டுதான் படுப்பாள். அன்றைக்கும் அப்படித்தான் கிடந்தாள். தொட்டுப் பார்த்தேன். ஐயோ! உடம்பு கட்டையாக விறைத்திருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாள்.

இறந்தவரை நீட்டிக் கிடத்தி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவது எங்கள் வழக்கம். அம்மாவின் கால் நீளவே இல்லை. படுத்திருந்த பக்கத்துக் கன்னம் வேறு கருநீலமாகிவிட்டது. "மனசுல ஏதோ குறை வச்சிக்கிட்டுப் போயிருக்கா" என்றாள் ஒருத்தி. எனக்கு நெஞ்சே வெடித்துவிடும்போல இருந்தது.

பெட்டியில் வைக்க வேண்டுமே! அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, கோலா தெர்லாவிலிருந்து லோரி பிடித்து வந்திருந்தார். வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"ரெண்டு பேரு புடிச்சு அமுக்குங்க. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும். அதுவரைக்கும் இந்த லைன்ல ஒரு வீட்டுலயும் அடுப்பு எரியாது. புள்ளைங்க பட்டினி லா."

நான் சும்மா இருப்பேனா? அம்மாவைக் கட்டிக்கொண்டு, "எங்கம்மா எலும்ப ஒடைச்சா பொதைக்கப் போறீங்க? மொதல்ல என் கால ஒடைங்க!" என்று கத்தினேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து பார்த்தார். "குறையும் இல்ல, கோவமும் இல்லம்மா. செத்தா யாருக்கும் ஒடம்பு வெறைக்கும். படுத்த பக்கம் ரத்தம் எறங்கித் தேங்கும். வெறைப்பு தானா விட்டுடும். குளுரு ஊரு, நாளைக்குக்கூட ஆகலாம்" என்றார்.

மாமா முணுமுணுத்தார். பக்கத்து வீட்டு அக்காதான் வழி சொன்னாள். "அடுப்புதானே? கீழ் லைன்ல பொங்கிக்கலாம் லா. அவங்க மெதுவா போகட்டும்."

மறுநாள் காலை மூடுபனி வாசல் வழியே வீட்டுக்குள் வந்துவிட்டது. விளக்கு மங்கலாகத் தெரிந்தது. அம்மாவின் முழங்காலில் கைவைத்தபடி, விழிப்பா உறக்கமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் தாடை தளர்ந்தது. பிறகு கழுத்து, விரல்கள். அம்மா ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாள். என் உள்ளங்கைக்குள் அந்த முழங்கால் மெல்ல இளகியபோது, விழித்துக்கொண்டாள் என்றே நினைத்து "அம்மா!" என்று அலறிவிட்டேன்.

மாமா ஓடிவந்தார். தொட்டுப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மண்டியிட்டு, அந்தக் காலை இரு கைகளாலும் ஏந்தி, பச்சைக் குழந்தையின் காலைப்போல மெல்ல நீட்டினார். பாதியில் நிறுத்தி, "அக்கா, வலிக்குதா?" என்று கேட்டார்.

இறந்தவருக்கு வலிக்காது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எந்த இழவு வீட்டுக்குப் போனாலும், நீட்டிக் கிடத்தியிருப்பவரின் கால்களைப் பார்த்ததும் இன்றுவரை அந்தக் கேள்விதான் என் வாய்வரைக்கும் வருகிறது.