பேப்பர் மாஸ்க்கும் முதலாளி மீசையும்

ஸ்டோர் கீப்பர் வேலைன்னா, யாரு எது கேட்டாலும் ‘இல்ல’ன்னு சொல்றதுக்கு மாசாமாசம் சம்பளம் வாங்குற வேலை. ஸ்டோர் சாவியை வச்சுக்கிட்டு ஊர் வசவெல்லாம் வாங்கினவங்களே, உங்களுக்குத் தெரியாததா? விருத்தாசலத்துல ஃபியூஸ் பீங்கான் செய்யிற ஒரு சின்னக் கம்பெனியில நானும் வாங்கினேன். செல்போன்ல இன்கமிங் இலவசமா ஆன சமயம் அது.

உள்ளயும் வெள்ளை

மரியாள் அக்காவுக்குக் கல்லு அரைக்கிற மில்லுல வேலை. மாவு அவ்ளோ நைசா பறக்கும். அதுக்கு நான் குடுத்தது நாடா வச்ச பேப்பர் மாஸ்க். ஷிஃப்ட் முடிஞ்சு அதக் கழட்டி எங்கிட்ட நீட்டினாங்க. வெளிய எவ்ளோ வெள்ளையோ, உள்ளயும் அவ்ளோ வெள்ளை. இருமிக்கிட்டே கேட்டாங்க:

“ஏன் தம்பி, இது தூசி உள்ள போகாம இருக்கவா, உள்ள போன தூசி வெளிய வராம இருக்கவா?”

டை அடிச்ச மீசை

ரெண்டு பக்கமும் வடிகட்டி வச்ச ரப்பர் ரெஸ்பிரேட்டர் வாங்கணும்னு முதலாளிகிட்ட போயி நின்னேன். “பேப்பர் மாஸ்க்கையே ரெண்டா போட்டுக்கச் சொல்லுய்யா”ன்னாரு. எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. வேலை போனா போகட்டும்னு, “நீங்களே ரெண்டு போட்டுக்கிட்டு, மில்லுல மாவு கொட்டுறப்ப நின்னு பாருங்க”ன்னுட்டேன்.

வீம்புக்கு மனுசன் நின்னாரு. கழட்டினா, அன்னிக்குக் காலையிலதான் டை அடிச்ச மீசை முழுக்க வெள்ளை! மில்லே சிரிச்சுது. மூட்டை பிரிக்கிற ஆரோக்கியம் மட்டும் சிரிக்கல.

“மீசைக்கு டை அடிச்சுக்கலாங்க, நெஞ்சுக்குள்ள வெளுத்தா யாருங்க அடிக்கிறது?”

நேந்துக்கிட்ட தாடி

அந்த வாரமே ரெஸ்பிரேட்டர் பார்சல் வந்து எறங்குச்சு. நான் காலரத் தூக்கி விட்டுக்கிட்டேன். ஆனா ஆரோக்கியம் மூஞ்சியில மட்டும் அது ஒட்டவே மாட்டேங்குது. மாதாவுக்கு நேந்துக்கிட்டு விட்ட தாடி. ரப்பர் சதையோட ஒட்டினாத்தான் தூசி நிக்கும்; தாடி இருந்தா நடுவுல வழி. சாமி காரியத்துல எடுன்னு சொல்ல நான் யாரு? தாடி வழியா தூசி உள்ள போகும்னு மட்டும் சொல்லி வச்சேன். மறுநாளு மாதா கோவிலுக்குப் போயி மொட்டையும் போட்டுக்கிட்டு, மொகம் மழமழன்னு வந்து நின்னாரு.

“மாதா முடியத்தாங்க கேட்டாங்க, நுரையீரல கேக்கல.”

ஜன்னல்ல மரியாள் அக்கா

பத்து நாளு போயிருக்கும். காலையில மரியாள் அக்கா ஸ்டோர் ஜன்னலுக்கு ஓடி வந்தாங்க. மூச்சு முட்டுது, இந்தக் கருமத்த நீயே வச்சுக்கன்னு திருப்பிக் குடுக்கத்தான் வராங்கன்னு எனக்கு பக்குன்னுச்சு.

“தம்பி, மூக்கச் சிந்துனா இத்தன வருசமா மாவுதான் வரும், நேத்து வூட்டுல சிந்துறேன், வெறும் சளிப்பா!”

அடுத்தவங்க சளிக்குக் கைதட்டின ஸ்டோர் கீப்பர், இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.