மும்தாஜ் லாக்கைத் திறந்த வெள்ளிக்கிழமை

எங்கள் ஹடப்சர் ஆபீஸில் ஒரு சட்டம் இருந்தது. யாருடைய டெஸ்ட் சிவப்பாக விழுகிறதோ, அவர் அன்று சாயங்காலம் மாடியில் இருக்கும் இருபத்திரண்டு பேருக்கும் வடாபாவ் வாங்க வேண்டும். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் 2007-இல் எங்கள் மேனேஜர் கிருஷ்ணஸ்வாமியே அதை மதித்து, அன்று மாட்டியவர் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்.

வேலை இதுதான். பிரவுசரைத் தானாக ஓட்டும் ஒரு கருவி இருக்கிறது. அதற்கு நாங்கள் சொல்லிக்கொடுப்போம், அதுதான் டெஸ்ட். அது மனிதரைப் போலவே பக்கத்தைத் திறக்கும், பெயர் எழுதும், பட்டனை அழுத்தும், எல்லாம் சரியாக நடந்ததா என்று கடைசியில் பார்க்கும். சரியென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

எனக்குப் பக்கத்து ஸீட் மும்தாஜ். போபோடியில் இருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எங்கே நின்றது என்று டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பாள். "இதை வெச்சு என்னடி பண்ணப்போறே?" என்று கேட்டால், "லேட்டானா யாரு மேல தப்புன்னு தெரியணும்ல அக்கா" என்பாள். தமிழ் பேசுவாள், ஆனால் எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. அவள் வாப்பா கட்கி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் வெல்டர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து ஒரு வருஷமாக வீட்டில் இருந்தார். மும்தாஜுக்கு வேலை நிரந்தரமானால் ஆபீஸ் மருத்துவ அட்டையில் வாப்பா பெயரையும் சேர்க்கலாம், ஆபரேஷன் ஆகிவிடும். அவளுடைய கான்ட்ராக்டை மூன்று தடவை நீட்டியிருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் நிரந்தரம் செய்வார்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுவார்கள்.

அந்த வாரம் பார்த்து அவள் டெஸ்ட் மூன்று நாள் தொடர்ந்து சிவப்பு.

ஒரு ஆஸ்பத்திரிக்கு அப்பாயின்ட்மென்ட் பதிவு செய்யும் பக்கம் அது. வெள்ளிக்கிழமை ரிலீஸ், அதாவது அன்று அது கிளையன்ட் கைக்குப் போக வேண்டும். ஒரு தடவை பட்டனை அழுத்தினால் ஒரு பதிவு விழ வேண்டும். அவள் டெஸ்டில் சில சமயம் இரண்டு விழுந்தது. எப்போதும் இல்லை, ஐந்துக்கு ஒரு தடவை. "ஒரு க்ளிக்குக்கு ரெண்டு பதிவு விழுது, ரிலீஸை நிறுத்துங்க" என்று மும்தாஜ் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். புரோகிராம் எழுதிய ஹர்ஷா, டெஸ்ட்தான் ஓட்டை என்றான். மூன்று நாளும் அவள் வடாபாவ் வாங்கினாள். நானும் தின்றேன். புதன்கிழமை, பொரித்த மிளகாய் ஏன் வைக்கவில்லை என்று கேட்கவும் செய்தேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கிருஷ்ணஸ்வாமி அவள் ஸீட்டுக்கே வந்துவிட்டார்.

"அஞ்சு மணிக்கு கிளையன்ட் கால். நாலு மணிக்குள்ள காரணத்தைக் காட்டு. இல்லாட்டி ரிலீஸ் போகும். சும்மா ரிலீஸை மறிச்சவள பர்மனென்ட் பண்ணுன்னு நான் எப்படிம்மா மேல போய்ச் சொல்வேன்?"

அவர் போனதும் மும்தாஜ் கருவியின் லாக்கைத் திறந்தாள். கருவி தான் செய்வதையெல்லாம் வரி வரியாக எழுதி வைக்கும் குறிப்புதான் லாக். எவ்வளவு எழுத வேண்டும் என்று நாம்தான் ஒரு கோப்பில் வைக்க வேண்டும். எரர் என்று வைத்தால் செத்தால்தான் வாயைத் திறக்கும். டீபக் (debug) என்று வைத்தால் தும்மியதைக்கூட எழுதும். லாக்கில் ஒன்றுமே இல்லை. அவள் அந்தக் கோப்பைப் பார்த்தாள்.

"அக்கா, இத யாரு எரர்ல வெச்சது? நான் ஜாயின் பண்ணப்ப டீபக்லதான இருந்திச்சு?"

நான் அவள் பக்கம் திரும்பாமல் என் கீபோர்டைத் தட்டினேன்.

"எனக்கென்ன தெரியும்? என்னைக் கேக்குறே!" என்று சள்ளென்று விழுந்தேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அதனால் அவளுக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

மாற்றியது நான்தான். கணபதி பண்டிகை வாரத்தில் என் டெஸ்ட் இரண்டு தடவை சிவப்பு. சர்வர் மெதுவாக இருந்ததற்கு நான் என்ன செய்வேன்? கடுப்பில், எல்லாருடைய டெஸ்டும் எடுத்துக்கொள்ளும் பொதுக் கோப்பில் நாலு வரி சேர்த்தேன். பட்டனை அழுத்து, பதில் வந்ததா என்று பத்து தடவை பார், வரவில்லையா, சத்தமில்லாமல் இன்னொரு தடவை அழுத்து. இரண்டு க்ளிக்கும் லாக்கில் தெரிந்தால் மானம் போகும் என்று லாக்கின் வாயையும் அடைத்தேன். டிஸ்க் நிரம்புகிறது, அதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கோப்புகள் இருந்தது எல்லாரும் பயன்படுத்தும் பொது மெஷினில், யார் எதை மாற்றினார்கள் என்று அதில் பதிவாகாது. என் டெஸ்ட் பச்சையானது, நானும் மறந்துபோனேன். சத்தியமாக மறந்துபோனேன், அந்த நிமிஷம் வரைக்கும்.

மும்தாஜ் டீபக்குக்கு மாற்றி ஓட்டினாள். பச்சை. மறுபடி ஓட்டினாள். பச்சை. ஏழு தடவை ஓட்டியும் பச்சைதான். லாக் மட்டும் ஆயிரக்கணக்கான வரிகளாக வீங்கியது. எரருக்குத் திருப்பினாள். மூன்றாவது ஓட்டத்தில் சிவப்பு.

அந்தப் பக்கம் வந்த ஹர்ஷா ஹிந்தியில் சொன்னான்: "லாக் எழுதினா பாஸ், எழுதாட்டி ஃபெயிலா? டெஸ்டுக்கில்ல, உனக்குத்தான் டாக்டர் வேணும்." நாலு பேர் சிரித்தார்கள். அவள் நிமிரவில்லை. மணி இரண்டே முக்கால்.

"விட்டுடுடி," என்றேன். "தப்பாச் சொல்லிட்டேன் சார்னு சொல்லிட்டுப் போ. மனசு இறங்குவாரு." என் வரி வெளியே வராமல் இருப்பதற்குத்தான் அவளை மண்டியிடச் சொன்னேன். இதைவிடக் கேவலமாக நான் எதுவும் பேசியதில்லை.

அவள் பஸ் டிக்கெட்டைத் திருப்பி எதையோ எழுதினாள். "டீபக்ல ஒரு தடவை ஓட நாலு நிமிஷம். எரர்ல அம்பது செகண்ட். மத்லப், அதாவது எழுதறதுக்கே நேரம் போவுது. அந்த ஸ்லோவுலதான் எதுவோ ஒளியுது அக்கா."

சரியாகச் சொன்னாள். என் வரி பத்து தடவை பார்க்கும். டீபக்கில் ஒவ்வொரு பார்வைக்கும் பக்கம் பக்கமாக எழுதுவதால், பத்து முடிவதற்குள் சர்வர் நிதானமாகப் பதில் சொல்லிவிடும். எரரில் பத்தும் சட்டென்று முடிந்து, இரண்டாவது க்ளிக் விழுந்துவிடும். எனக்கு அங்கேயே எல்லாம் புரிந்துவிட்டது. வாயைத் திறந்திருக்க வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது அவள் கோப்பில் ஒரு புது வரி சேர்த்திருந்தாள். எல்லாம் எரரிலேயே இருக்கட்டும், க்ளிக் செய்யும் பகுதி மட்டும் டீபக்கில் பேசட்டும். ஓட்டினாள். பச்சை. பச்சை. பச்சை. மணி மூன்றரை. நாலாவதும் பச்சை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பச்சையாகவே வரட்டும் என்று வேண்டினேன், உடனே வாப்பாவின் கண் ஞாபகம் வந்து என்மீதே எனக்கு ஆத்திரம் வந்தது.

ஆறாவது ஓட்டம் சிவப்பு.

லாக்கில் இரண்டே வரி. மூன்று முப்பத்துமூன்றுக்கு ஒரு க்ளிக். அதற்கு அடுத்த செகண்டில் இன்னொரு க்ளிக், பக்கத்தில் பொதுக் கோப்பின் பெயர்.

"யா அல்லா," என்றாள். முகம் வெளுத்துவிட்டது. "ரெண்டு தடவை நம்ம டெஸ்ட்தான் அழுத்தியிருக்கு. ஒரு க்ளிக்குன்னு நான் சொன்னதே தப்பு அக்கா."

அந்த இரண்டு வரியை அவள் அழித்திருக்கலாம். கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? அவளோ பிரிண்ட் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன். கால் ஏன் போனது என்று இன்றைக்கும் தெரியாது.

அறையில் கிருஷ்ணஸ்வாமியும் ஹர்ஷாவும் இருந்தார்கள். மும்தாஜ் தாளை மேஜையில் வைத்தாள்.

"சார், ஒரு க்ளிக்குக்கு ரெண்டு பதிவுன்னு சொன்னேன். அது தப்பு. ரெண்டு க்ளிக் விழுந்திருக்கு. காமன் ஃபைல்ல யாரோ எழுதியிருக்காங்க. யாருன்னு தெரியல."

ஹர்ஷா கையைத் தட்டினான். கிருஷ்ணஸ்வாமி கண்ணாடியைக் கழற்றினார். "உன் டெஸ்ட், உன் பொறுப்புதானம்மா. யாரோன்னா யாரு?"

அவள் தாளில் இருந்த பொதுக் கோப்பின் பெயரை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"நான்தான் சார்," என்றேன்.

"என்ன சரசா?"

"அந்த வரிய நான்தான் எழுதினேன். லாக்கை எரர்ல வெச்சதும் நான்தான்."

"எதுக்கு?"

"ரெட் வந்தா வடாபாவ் வாங்கணும்ல சார். அதுக்குத்தான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மும்தாஜ் என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு மேஜையைப் பார்த்தாள்.

"சார், இன்னொண்ணு," என்றாள். "ரெண்டு தடவை அழுத்தினா ரெண்டு பதிவு எப்படி சார் விழலாம்? நெட் ஸ்லோவா இருந்தா மனுஷங்களும் அழுத்துவாங்க. எங்க வாப்பாவுக்குக் கண்ணு தெரியாது, அவர் நாலு தடவை அழுத்துவார்."

கிருஷ்ணஸ்வாமி மடிக்கணினியை ஹர்ஷாவின் பக்கம் தள்ளினார். "அழுத்துப்பா. ரெண்டு தடவை."

அழுத்தினான். ஒரே நோயாளிக்கு, ஒரே டாக்டரிடம், ஒரே நேரத்துக்கு இரண்டு அப்பாயின்ட்மென்ட். ஹர்ஷாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ரிலீஸ் நின்றது. மாதக் கடைசியில் அவளுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. மழை தொடங்குவதற்குள் அவள் வாப்பாவின் இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்தது.

அன்று அறையை விட்டு வெளியே வந்ததும், "மன்னிச்சுக்கோடி" என்றேன்.

"எழுதினதுக்கா அக்கா? அது பரவால்ல. நான் கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னீங்களே." அவ்வளவுதான் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் பொது மெஷினின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தேதி, லாக் முன்பு எதில் இருந்தது, இப்போது எதில், யார் மாற்றியது, எதற்கு. அவள்தான் கோடு போட்டிருந்தாள். முதல் வரிசை காலியாக இருந்தது.

"மொதல்ல மாத்துனது நீங்கதான். நீங்களே எழுதுங்க அக்கா," என்று பேனாவை நீட்டினாள்.

தேதி எழுதினேன், பெயர் எழுதினேன். எதற்கு என்ற கட்டத்தில் பேனா நின்றது. டிஸ்க் நிரம்பியது என்று எழுதினால் எல்லாரும் நம்புவார்கள். அவள் பக்கத்திலேயே நின்றாள். வடாபாவ் என்று எழுதி, அவள் கையிலேயே பேனாவைக் கொடுத்தேன்.