தொட்டித் தீர்த்தம்

ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். பாலத்தின் நடுவில் நின்று எட்டிப் பார்ப்பது எங்களுக்குத் தினசரி விளையாட்டு. ஆறு எங்கே பிறந்தது, எங்கே போய்ச் சேருகிறது என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. இன்றைக்கு என்ன நிறம் என்பதுதான் கேள்வி. சிவப்பு ஓடினால் ஒருத்தி குதிப்பாள், பச்சை ஓடினால் இன்னொருத்தி. கருநீலம் ஓடினால் அது என்னுடைய நாள். என் பெரியப்பாவின் சாயப்பட்டறைக்கு அதிகமாக வருவது கருநீல ஆர்டர்தான். "நம்ம கலரு போகுது பாருங்கடி!" என்று கத்திவிட்டு, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவளைப் போல நிமிர்ந்து நடப்பேன்.

பெரியப்பா பெரிய முருக பக்தர். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசாமல் பட்டறையில் காலை வைக்க மாட்டார். செவ்வாய்க்கிழமை கறி கிடையாது, கிருத்திகைக்குச் சோறு கிடையாது. பொய் சொல்பவர்களைக் கண்டால் பிடிக்காது. கூட்டுக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம் என்பதால் நாங்கள் எல்லோரும் பக்தியாகத்தான் இருந்தோம். வேறு வழி?

வீட்டுக்குப் பின்னால் வரிசையாக வாடகை வீடுகள் கட்டி விட்டிருந்தோம். பனியன் கம்பெனி வேலைக்காகத் தெற்கேயிருந்து வந்த குடும்பங்கள் அதில் இருந்தன. காம்பவுண்டுக்குள் இரண்டு குழாய். உப்புத் தண்ணீர்க் குழாய் எந்நேரமும் வரும். அதில் துவைத்தால் வெள்ளைச் சட்டை ஒரு மாதத்தில் பழுப்பாகிவிடும். நல்ல தண்ணீர்க் குழாய் நினைத்தபோதுதான் வரும். வந்தால் முதலில் எங்கள் குடங்கள். எங்கள் அண்டா, தவலை, சொம்பு வரைக்கும் நிறைந்த பிறகுதான் குடியிருப்பவர்கள் குடத்தை வைக்கலாம். அதற்குள் குழாய் பெருமூச்சு விட ஆரம்பித்துவிடும். இதை யாரும் அநியாயம் என்று நினைத்ததாகத் தெரியவில்லை. நானும் நினைக்கவில்லை. குழாய் எங்களுடையது, அவ்வளவுதான்.

அந்த வரிசையில் கடைசி வீட்டில் இருந்தவள்தான் அக்கா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து முடிந்த பனியனைப் புரட்டிப் பார்த்து ஓட்டை, கறை கண்டுபிடித்துத் தனியாகப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, ஒரு கடைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஜெபக்கூடத்துக்குப் போவாள். எனக்குப் பின்னல் போட்டுவிடுவாள். என் பெரியம்மா போடும் பின்னலில் கண்ணில் தண்ணீர் வரும். அக்கா போட்டால் தூக்கம் வரும். அதனாலேயே எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அதே ஜெபக்கூடம். ஊர் கிழக்கே, ஆற்றோரத்தில். தென்னந்தோப்பு உண்டு, கிணறு உண்டு என்றார்கள். கிணறு உண்டா என்று கேட்டார்களே தவிர அதில் தண்ணீர் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். அந்த ஜெபக்கூடத்து வழக்கப்படி வயதுக்கு வந்தவர்கள் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். தலையில் தண்ணீர் தெளித்தால் போதாது. ஆள் முழுதாக முங்கி எழ வேண்டும். எடுக்காமல் கல்யாணம் நடத்த முடியாது என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டார். முன்பெல்லாம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் முங்க வைப்பார்களாம். ஊருக்குள் யாரோ என்னவோ பேசப்போய் தோட்டக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். ஆற்றில் இறங்கலாம் என்றால், அதற்கு முந்தின வருஷம் இறங்கிய ஒருவர் வெள்ளை வேட்டியோடு போய் ரோஜாப்பூ நிறத்தில் கரையேறி, ஒரு மாதம் சொறிந்துகொண்டிருந்தாராம்.

ஊருக்குள் ஓர் ஆள் முங்குகிற அளவுக்குத் தெளிந்த தண்ணீர் இருந்தது எங்கள் சாயப்பட்டறையில்தான். சிரிக்காதீர்கள், உண்மைதான். பட்டறை போர்வெல் எப்போதோ கெட்டுவிட்டது. கெட்ட தண்ணீரில் சாயம் பிடிக்காது. அதனால் பல்லடத்துப் பக்கத் தோட்டத்துக் கிணறுகளிலிருந்து லாரியில் வாங்கி, தரையோடு தரையாகக் கட்டிய பெரிய சிமெண்டுத் தொட்டியில் நிரப்புவோம். அடியில் கிடக்கும் குண்டூசி தெரியும், அவ்வளவு சுத்தம்.

அக்கா பெரியப்பாவிடம் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு காரியம் கேக்கணும். இல்லன்னு சொன்னாலும் நான் வருத்தப்பட மாட்டேன்."

விஷயத்தைச் சொன்னாள். பெரியப்பா வாயைத் திறக்குமுன் பெரியம்மா உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

"ஏனுங்க, இதென்னுங்க கூத்து! அந்தத் தொட்டியிலதானுங்களே நம்ம சாமிக்குத் தீர்த்தம் எடுக்கறது. அதுல போயி அவிய முங்கறதுங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று பெரியம்மாவுக்கே உறைத்தது. பங்குனி உத்திரத்துக்கு ஆற்றில் தீர்த்தம் எடுத்து முருகன் கோயிலுக்குக் கொண்டுபோவது எங்கள் குடும்பத்து உரிமை. ஆறு நிறம் மாறியதிலிருந்து பெரியப்பா பட்டறைத் தொட்டியில் பித்தளைக் குடங்களை நிரப்பி, வாயில் மஞ்சள் துணி கட்டி, வேப்பிலை செருகி, ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் வைத்துப் பூசை போட்டு, அங்கிருந்து மேளத்தோடு கிளப்புவார். கொடுமுடிக்குப் போய்க் காவிரித் தண்ணீர் கொண்டு வரலாமே என்றால், "எங்கப்பன் எடுத்த எடம் இது" என்பார். இது பூசாரிக்குத் தெரியும், மேளக்காரருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பெரியம்மா சொல்லிவிட்டார், அதுவும் குடியிருக்கிற பெண்ணின் முன்னால்.

பெரியப்பா கொஞ்ச நேரம் துண்டை உதறினார். பிறகு சொன்னார்:

"திங்கக்கெழம அந்தத் தண்ணி சாயத்துக்குத்தான போகுது. ஒரு புள்ள முங்கி எந்திரிச்சா கொறஞ்சா போயிரும்? ஆனா ஒண்ணு கண்ணு. ஞாயித்துக்கெழம உத்திரம். நாங்க மொதல்ல கொடத்துல எடுத்துக்கறோம். அப்பறம் நீங்க முங்கிக்கோங்க."

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. குழாயடிச் சட்டம்தானே, அவளுக்குப் பழகியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரி வரவில்லை. கிணற்றுக்காரர் மோட்டார் ரிப்பேர். தொட்டியில் கணுக்கால் அளவு தண்ணீர்கூட இல்லை. நல்ல நேரம் தப்பக் கூடாதென்று பெரியப்பா காலிக் குடங்களையே ஆற்றங்கரைப் பந்தலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பூசாரியைச் சமாதானம் செய்துகொண்டிருந்தார். லாரி வந்ததும் தகவல் சொல்லச் சொல்லிப் பட்டறை வாட்ச்மேனிடம் தம் செல்போன் நம்பரைக் கொடுத்திருந்தார். நான் பாவாடை சட்டையோடு பட்டறையில் இருந்தேன். அக்கா முங்குவதைப் பார்க்காமல் போனால் எனக்குத் தலையே வெடித்துவிடும்.

பாஸ்டரும் ஜெபக்கூடத்து ஆட்களும் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு பனியன் துணி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். லாரி ஒருவழியாக வந்து, தொட்டி நிறைய ஆரம்பித்தது. வாட்ச்மேன் போன் போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். கரையில் மேளச் சத்தத்தில் பெரியப்பாவுக்கு எங்கே கேட்கப் போகிறது?

தொட்டி நிறைந்துவிட்டது. பாஸ்டருக்கு மத்தியானம் வேறொரு ஊரில் ஆராதனை. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"எறங்கலாம்மா" என்றார்.

"அண்ணாச்சி வந்து எடுத்த பொறவுதான் ஐயா. வாக்கு குடுத்திருக்கேன்" என்றாள் அக்கா. வெள்ளை உடுப்பில் தொட்டி விளிம்பில் நின்றிருந்தாள். கால் விரல்கூடத் தண்ணீரில் படவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து சேலையைத் தட்டினார். "இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாமுங்க. கல்யாணத்துக்கும் இப்ப என்னுங்க அவசரம்? பொறுமையாவே பாத்துக்கலாம்" என்றார். குரலில் தேன் வடிந்தது. அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை. இன்னொரு நாள் என்றால் எந்த நாள், எந்தத் தண்ணீரில்? எனக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முருகா, பெரியப்பாவைச் சீக்கிரம் அனுப்பு என்று வேண்டிக்கொண்டேன். யாருடைய காரியத்துக்கு யாரை வேண்டுகிறோம் என்ற யோசனையெல்லாம் அப்போது இல்லை.

பெரியப்பாவின் மொபெட் சத்தம் கேட்டது. விட்டுப்போன அழைப்புகளைப் பார்த்ததும் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கிறார். கையில் ஒரு குடம்கூட இல்லை. எல்லாம் ஆற்றங்கரைப் பந்தலில். அவர் திரும்பிப் போய் எடுத்து வருவதென்றால், அந்த உத்திரக் கூட்ட நெரிசலில் பாஸ்டரின் பஸ் போய்விடும். மாப்பிள்ளையின் அம்மாவும் போய்விடுவார்.

பெரியப்பா ஒரு நிமிஷம் எல்லோரையும் பார்த்தார். காய்ந்த காலோடு நின்ற அக்காவைப் பார்த்தார்.

"இன்னும் எறங்கலியா நீயி?"

"நீங்க எடுக்கல்லியே அண்ணாச்சி."

"அட, எறங்கு சாமி. முருகன் ஒண்ணும் நெனைக்க மாட்டான். நான் சொல்லிக்கறன்."

அக்கா இறங்கினாள். பாஸ்டர் அவள் தலையைப் பிடித்துப் பின்பக்கமாகச் சாய்த்து முக்கி எடுத்தார். எழுந்தபோது அவள் அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியவில்லை, முகமெல்லாம் தண்ணீர். எல்லோரும் பாடினார்கள். பெரியப்பா சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார், கோயிலில் நிற்பதைப் போலவே.

அவர்கள் போன பிறகு குடங்களைக் கொண்டு வந்தார். அதே தொட்டியில், அக்கா முங்கிய அதே தண்ணீரில், முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக நிரப்பினார். மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பெரியம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம் கண்ணு."

பொய்யே பிடிக்காத மனிதர்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் அபிஷேகத் தீர்த்தத்தைப் பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை வாங்கிக் குடித்தார், மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார். நான் முருகனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேல் ஆடவில்லை, விளக்கு அணையவில்லை. அவர் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தார். இரண்டு சாமிக்கும் போக மீதி இருந்த தண்ணீரில் மறுநாள் கருநீலம் போட்டார்கள்.

அக்காவின் கல்யாணம் நன்றாக நடந்தது. பெரியம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து, பிரியாணி வேண்டாமென்று மோர் மட்டும் குடித்தார். அக்கா புருஷன் ஊருக்குப் போனாள். எனக்கு மறுபடியும் கண்ணில் தண்ணீர் வரும் பின்னல்.

அடுத்த வெயில் காலத்தில் ஒருநாள் அவள் வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். இரண்டு கைகளிலும் இரண்டு காலி பிளாஸ்டிக் கேன்.

"தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி. அங்க தண்ணி சரியில்ல. சோறு வெந்தா மஞ்சளாப் போயிருது. தென்னையும் ஒண்ணொண்ணாக் கருகுது. உங்க எல்லாக் கொடமும் நெறைஞ்ச பொறவு ரெண்டு கேன் தந்தியன்னா போதும்."

அன்றைக்கு நல்ல தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குழாயடியில் எங்கள் குடம் பாதி நிறைந்திருந்தது. பெரியப்பா போய் அந்தக் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கேனை வாங்கி, தம் கையாலேயே அலசி, குழாய்க்கு அடியில் பிடித்தார்.

"ஏனுங்க, நம்ம கொடமுங்க!" என்றார் பெரியம்மா.

"கெடக்கட்டும்."

எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் காரணத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன். தொட்டியில் அக்கா முதலில் முங்கினாள் அல்லவா? ஒருமுறை முதல் ஆளானவருக்கு அதற்குப் பிறகு எப்போதும் முதல் இடம்தான், சாமி சட்டம் அப்படி. இதைப் பெரியம்மாவிடம் சொல்ல முடியாதே என்றுதான் வருத்தம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பெரியப்பா மொபெட்டிலேயே கொண்டுபோய் விட்டார். ஒரு கேன் அவர் காலடியில், ஒன்று அக்காவின் மடியில், நடுவில் நான். பாலத்தில் நெரிசல். வண்டி நின்றது. வழக்கம்போல எட்டிப் பார்த்தேன். கருநீலம்! கரையிலிருந்து கரைவரைக்கும் அசல் கருநீலம்.

"அக்கா, அங்க பாருங்க! நம்ம கலரு போகுது!"

அக்கா எட்டிப் பார்த்தாள். கேனை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படியா" என்றாள் மெதுவாக. "நாளைக்கு எங்க ஊருக்கு வந்துரும்."

பெரியப்பா திரும்பவில்லை. அவர் கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது. வழி கிடைத்த பிறகும் வண்டியை எடுக்காமல் நின்றார். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. நம்ம கலர் அக்காவின் ஊர் வரைக்கும் போகிறது! "அப்ப நாளைக்கு நீங்களும் பாருங்கக்கா, பாத்தா எங்களை நெனைச்சுக்கோங்க" என்றேன்.